மூக்கைத் தொட்டால் மெதுவாக

12 ஜூலை 1988, செவ்வாய்

மூக்கு இன்னும் ஒழுகுகிறது. இன்றைக்கு நடந்ததெல்லாம் இந்த மூக்கால் வந்த வினை.

எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர் பாடம் நடத்தும்போது, போன வருஷம் சேர்ந்தவர் ஒருவர் துணைக்குக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும்; மறுநாள் அவர் வகுப்பில் புதியவர் உட்கார வேண்டும். வேதியியலுக்கு வந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சீனிவாசனுக்கு நான் துணை. அவன் பேசுகிற வேகத்தில் பையன்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. வேலையையே விட்டுவிடப் போவதாகச் சொன்னான். "வேகம் கூடினா நான் மூக்கைத் தொடுறேன், நீ குறைச்சுக்கோ" என்று நான்தான் வழி சொன்னேன்.

இன்று எனக்குச் சளி. கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவே இல்லை. அவன் என்னைப் பார்க்கப் பார்க்கக் குறைத்துக்கொண்டே போனான். கடைசியில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம் போலிருந்தது. மணி அடித்தபோது போர்டில் ஒரே ஒரு சமன்பாடு.

பையன்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். புகார் சொல்லத்தான் என்று நினைத்து நானும் எழுந்து போனேன்.

"இன்னைக்குத்தான் சார் புரிஞ்சுது" என்றான் ஒருவன். இன்னொருவன் என்னைக் காட்டி, "அந்த சாரையும் இப்படி நடத்தச் சொல்லுங்க" என்றான்.

வெளியே வந்ததும் சீனிவாசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேலைய விடல அண்ணே. நீங்க மட்டும் இல்லன்னா எம்புட்டு வேகத்துல போயிருப்பேன்."

சளி என்று சொல்லாமல் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நாளைக்கு என் வகுப்பில் அவன் உட்கார வேண்டிய முறை. சைகை அதேதான். சாயங்காலம் பஸ் ஏறும்போது தும்மிக்கொண்டே போனான்.