அப்பாவின் வாயில் ஆங்கிலப் பாட்டு

ரொம்சோஸ், ஒஸ்லோ
12.11.2006

அன்பு மகள் கம்சாயினிக்கு,

நீயும் மருமகனும் அவுஸ்திரேலியாவில் அந்தப் பேர்த் வெயிலில் சுகமாய் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, பனி தொடங்கியதிலிருந்து முழங்கால் மட்டும் குத்துகிறது. தொலைபேசியில் இதைச் சொல்ல முடியாது, அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சுப் போன பிறகு "ஓம்" என்ற ஒரு சொல்தான் மிச்சம் என்பது உனக்குத் தெரியும். பசிக்கிறதோ என்றாலும் ஓம், பசிக்கவில்லையோ என்றாலும் ஓம். போன மாதம் கடைக்குப் போய் வந்து கதவைத் திறக்கிறேன், உள்ளே ஆரோ ஆங்கிலத்தில் பாடுகிறார்கள். ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் அப்பாவின் பள்ளிக்கூடச் சிநேகிதர் அல்பேர்ட், ஐம்பதுகளில் வந்த பாட்டுகள் என்று ஒரு சீடி கொடுத்திருந்தார், அதுதான் ஓடுகிறது என்று போய் நிறுத்தினேன். சீடி நின்றது, பாட்டு நிற்கவில்லை. அப்பா கதிரையில் இருந்தபடி, ஒரு சொல் பிசகாமல், நாலு பேர் சேர்ந்து பாடுகிற அந்தப் பாட்டின் "ஊ வா" கூட விடாமல் பாடிக்கொண்டிருந்தார். தண்ணீர் என்று கேட்க வராத வாய், பிள்ளை! "அப்ப இவ்வளவு நாளும் என்னோடை கதைக்க விருப்பமில்லாமலோ இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே கண்ணீரும் விட்டார். அன்று நான் சோற்றை மேசையில் வைத்துவிட்டு முகம் பாராமல் வந்துவிட்டேன்.

அல்பேர்ட்டை வீட்டுக்குக் கூப்பிட்டு விசாரித்தேன். கொழும்பில் படிக்கிற காலத்தில் வானொலியில் கேட்டுக் கேட்டு நாலு பெடியள் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தவையாம், அடிக்குரல் அப்பாவுடையதாம், பள்ளிக்கூடக் களியாட்ட விழாவில் பாடிக் கைதட்டு வாங்கினவையாம். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாட்டுக் கேட்கப் பெட்டையளும் வந்தவையோ என்று கேட்டேன். அல்பேர்ட் சிரித்துவிட்டு, "தங்கச்சி, தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றார். கோப்பையில் அவர் இன்னும் வாயே வைக்கவில்லை.

பேச்சுப் பழக்க வரும் நொர்வேஜியப் பெண்ணிடம், அப்பா நடிக்கிறாரோ என்று நேராகவே கேட்டேன். அவளுக்கோ ஒரே சந்தோஷம். கதைக்கிற இடம் மூளையில் ஒரு பக்கமாம், பாட்டு மற்றப் பக்கத்திலும் இருக்குமாம், அது பழுதாகவில்லையாம், அந்த மெட்டிலேயே தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாடிப் பாருங்கள் என்றாள். இளம்பிள்ளை, எங்களை வைத்து விளையாடுகிறாளோ என்று அவளையும் நான் நம்பவில்லை. என்றாலும் யன்னலைச் சாத்திவிட்டு, அப்பாவின் இடக்கையைப் பிடித்துத் தாளம் தட்டிக்கொண்டு, பின்னால் நான் "ஊ வா" போட்டேன். சிரிக்காதே. மேல்வீட்டுக்காரி படியில் கண்டு வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒரு நாள் காலமை, "தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்று அப்பா பாடினார். நான் குசினி அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். சீனி போடவில்லை, அவருடைய நீரிழிவு எனக்குத் தெரியாதா.

நேற்று நானும் அதே மெட்டில், "உந்தப் பாட்டெல்லாம் ஆருக்காகப் பாடமாக்கினனீங்கள்?" என்று பாடிக் கேட்டேன். இழுத்து இழுத்து, "மலருக்கு" என்றார். என்னைத்தான் சொல்கிறார். பிள்ளை, அவர் கொழும்பில் அதைப் பாடித் திரிந்த காலத்தில் நான் சாவகச்சேரியில் அரிவரி வகுப்பில் அ, ஆ எழுதிப் படித்துக்கொண்டிருந்தேன்! இப்படித் துணிந்து பொய் சொல்லுமளவுக்கு அப்பாவுக்கு வாய் வந்துவிட்டது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாய் இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுக்கும்போது அவசரப்படாதே, அப்பா பாடித்தான் பதில் சொல்லுவார், மருமகனுக்கும் சொல்லி வை. அந்தப் பெட்டையின் பெயரை அல்பேர்ட்டின் வாயிலிருந்து எடுக்காமல் நான் விடப்போவதில்லை.

உன் அன்பு அம்மா,
வசந்தமலர் சோதிலிங்கம்