அந்த அரை மணித்தியாலம்

மச்சான்,

இன்றும் மழையோடு கறண்ட் போய் வந்தது. சேர்வர் அறைக்குள் சூடேறிய பற்றரி மணம். நீ இருந்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டு முதலில் ஒவ்வொரு கணினியிலும் நேரத்தைத்தான் பார்ப்பாய். நானும் பார்த்தேன். ஆய்வுகூடம், வார்டு, மருந்தகம், எல்லாவற்றிலும் ஒரே நேரம். நீ கேட்ட மென்பொருள்தான் இப்போது ஓடுகிறது. நீ செத்த பிறகுதான் உன் சொல் எடுபட்டது.

அந்தக் கூட்டத்தை நான் மறக்கவில்லை. வைத்தியசாலைக் கணினிகளின் நேரத்தை ஒன்றாக ஓட வைக்க எந்த மென்பொருளைப் போடுவது என்று பேச்சு. "பழையதுதான் எல்லாருக்கும் தெரிஞ்சது" என்றார் நம் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். "அது அரை மணித்தியாலம் பிசகினா எனக்கு ஏலா எண்டு நிண்டிரும் சேர். எங்கட கறண்டுக்கு விழுந்து எழும்புற சாமான்தான் வேணும்" என்றாய்.

சண்டைக் காலத்தில் பழுகாமத்தில் வளர்ந்தவன் நீ. வாவிக்கு அக்கரையில், உன் படுவான்கரையில், இயக்கத்தின் பழைய நேரம்; இக்கரையில் அதற்கு அரை மணித்தியாலம் தள்ளி அரசாங்கத்தின் புது நேரம். "தோணியில என்ன நேரம் எண்டு ஆருக்கும் தெரியாது மச்சான்" என்பாய்.

பழைய மென்பொருளையே போட்டார்கள். அந்த மாரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நம் வார்டுக்கு வந்தாய். அன்று கறண்ட் போய்ப் போய் வந்தது. நீ சொன்னபடியே அந்த மென்பொருள் நின்றுபோயிருந்தது. உன் உயிர் போன நேரத்தை வார்டுக் கணினி ஒரு விதமாகவும், இதயத்துடிப்பைப் பதியும் கணினி அரை மணித்தியாலம் பிந்தியும் எழுதின. சுற்றி நின்ற எவரும் கைபேசியில் நேரம் பார்க்கவில்லை. நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ செத்த திதியைக் குறிக்க உன் அம்மாவுக்கு நேரம் வேண்டியிருந்தது. அந்த அரை மணித்தியாலத்துக்குள்தான் சப்தமி முடிந்து அட்டமி பிறந்தது. "சரியான நேரம் என்ன மனே?" என்று என்னைக் கேட்டார், கணினி படித்தவன் என்று. இப்போது ஓடும் புது மென்பொருள் இன்றைய நேரத்தைத் திருத்தும். அன்று எழுதியதை எதைப் போட்டும் திருத்த முடியாது.

முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு அம்மா சப்தமியிலும் சமைத்தார், அட்டமியிலும் சமைத்தார். "நாள் மாறி வந்து, பசியோட வாசலால கிறுகிப் போயிருவானோ எண்டுதான் மனே" என்றார். இரண்டு நாளும் நான் போய் இருந்து சாப்பிட்டேன்.

இந்த வருடத்துக்கும் லீவு கேட்டிருக்கிறேன். ஒரு திவசத்துக்கு எதற்கு இரண்டு நாள் என்றார் பொறுப்பாளர். அரை மணித்தியாலத்துக்கு என்றேன்.