நூல் ஆடும் இடம்

அக்டோபர் 5, ஞாயிறு

மகன் வந்தான். கையில் பழமோ ரொட்டியோ இல்லை, ஒரு வெப்பமானி. அதைப் படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, வாத்தியார் மாதிரி விரலை நீட்டினான். "நவம்பர் ஒன்பது, ஞாயித்துக்கிழமை. காலையில ஏழு மணிக்கு வருவேன். இது பதினெட்டுக்கு மேல காட்டினா நீ இங்கேயே இரு. இல்லேன்னா கிளம்பு, குளிர் முடியறவரைக்கும் எங்க வீட்டுலதான். பேச்சே கிடையாது."

போன குளிரில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். அதனால் அவன் வாயை அடைக்க முடியவில்லை. அவன் வீடு நல்ல வீடுதான். மருமகளும் தங்கமானவள். ஆனால் அங்கே எனக்கு ஒரு சோபா, ஒரு டிவி, "நீங்க உக்காருங்க அத்தை". அவ்வளவுதான். இன்றைக்குக் குளிர் முடியும்வரை என்பான், அப்புறம் அடுத்த குளிர்வரை என்பான். நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாதா?

"சரிடா, ஒரு கை பாத்துடலாம்" என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

படிப்பு ஐந்தாம் வகுப்போடு போயிற்று. ஆனால் முப்பத்தாறு வருஷம் தையல் மெஷின் மிதித்தவளுக்கு நூலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். பின்னல் ஊசி ஒன்றின் நுனியில் ஒரு சாண் பச்சைப் பட்டு நூலைக் கட்டினேன். வீடு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காற்று நுழைகிற இடத்தில் நூல் ஆடுகிறது. நுழையாத இடத்தில் நல்ல பிள்ளை போல் நேராகத் தொங்குகிறது. ஆடின இடத்திலெல்லாம் துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி.

பதினாறு இடம்! வீடா இது, சல்லடையா?

அக்டோபர் 10, வெள்ளி

தச்சரைக் கூப்பிட்டேன். ஜன்னலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்மா" என்றார்.

"போன வருஷம் உன் கோட்டு கிழிஞ்சுதுன்னு வந்தியே, புதுசு வாங்குன்னா சொன்னேன்? கையைப் பிரிச்சு உள்பக்கம் ஒட்டுப் போட்டுத் தரலையா?"

சிரித்துவிட்டார். ஜன்னல் சட்டங்களில் ரப்பர் பட்டை ஒட்டி, தளர்ந்த கீலை முடுக்கிக் கொடுத்தார். போகும்போது ஒன்று சொன்னார்: "எதை வேணா அடைங்க. சமையக்கட்டுல அடுப்புக்கு மேல இருக்கே, அந்தக் காத்துத் துளையை மட்டும் தொடாதீங்க. அது மூச்சு விடுற இடம்." அதில் போட்டிருந்த பெருக்கல் குறியை அழித்தேன்.

அக்டோபர் 11, சனி

காலை ஆறு மணிக்கு வெப்பமானி பதினான்கு. இருக்கட்டும்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலமான என் வீட்டுக்காரருடைய கம்பளிக் கோட்டைப் பிரித்துப் படுக்கையறைத் திரைக்கு உள்துணியாகத் தைத்தேன். அவர் இருந்திருந்தால் முதலில் கத்தியிருப்பார். அப்புறம் திரைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பேத்தி வந்திருந்தாள். வாசல் கதவின் அடி இடுக்குக்கு நீளமாக ஒரு துணிக்குழாய் தைத்து, உள்ளே கந்தலும் மணலும் திணித்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குப் பொத்தானால் இரண்டு கண் வைக்கச் சொன்னாள். வைத்ததும் அது பாம்பாகிவிட்டது. "பாட்டி, இனிமே காத்து உள்ள வரணும்னா இதுகிட்டதான் கேக்கணும்" என்கிறாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

பதினாறு. ஹீட்டர் எரிகிறது, எல்லா இடுக்கும் அடைத்தாயிற்று, பாம்பு காவல் இருக்கிறது. பின்னே ஏன் பதினாறு? காற்று பலமாக அடித்தால் பதினைந்துக்கு இறங்குகிறது. எங்கே போகிறது இத்தனை சூடும்?

பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். ஓயாமல் பேசுவாள் என்பதால் தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "இதுக்குப் போயா மண்டையை உடைச்சுக்கறீங்க அக்கா? அவன் வர்றதுக்குக் கால் மணி முன்னாடி அந்தச் சுவத்துல வெந்நீர்ப் பையைச் சாத்தி வைங்க. இருபதே காட்டும்!"

ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். பொய் எழுதக் கூடாது, ஒரு நிமிஷம் இல்லை, மத்தியானம் வரை ஆசைப்பட்டேன். வெந்நீர்ப் பையைக்கூட அலமாரியிலிருந்து எடுத்தேன். ஏமாற்றி ஜெயித்துவிட்டுக் குளிரில் படுத்திருப்பது யார்? நான்தானே. திரும்ப உள்ளே வைத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

எனக்கே என்னை நாலு அறை விடலாம் போல இருக்கு.

காலையில் பீரோவைத் திறந்து சால்வையை எடுத்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. மூடின பீரோவுக்குள் இருக்கிற சால்வை, அறையைவிடச் சில்லென்று எப்படி இருக்கும்? பச்சை நூலை பீரோவின் பக்கவாட்டில் பிடித்தேன். ஆடவில்லை அது — குதித்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த அறையில் முன்பு ஒரு கரி அடுப்பு இருந்தது. அதை எடுத்த பிறகு சுவரில் புகைக்குழாய் போன ஓட்டை மட்டும் மிஞ்சியது. கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்துவிடலாம் என்றார் அவர். நான்தான் — நானேதான் — "அதுக்கென்ன இப்ப அவசரம்? பீரோவை நகத்திப் போட்டு மறைச்சுடுங்க, கண்ணுல படாம இருந்தாப் போதும்" என்றேன். முப்பத்தொரு வருஷம்! தச்சர் பார்க்கவில்லை, மகன் பார்க்கவில்லை, எப்படிப் பார்ப்பார்கள்? அவ்வளவு அழகாக மறைத்து வைத்திருக்கிறேன். என் கட்டிலும் அந்தச் சுவர் ஓரம்தான். போன வருஷம் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது வேறு யாரும் இல்லை.

ரேடியோவைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக பீரோவைத் தள்ளினோம். மூச்சு வாங்கியதில் அவள் முழுசாகப் பத்து நிமிஷம் பேசவில்லை. அந்தக் காலத்தில் ஓட்டை மேல் ஒட்டிவைத்த அட்டை எப்போதோ மட்கி விழுந்திருக்கிறது. தலை நுழையும் அளவு ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிகிறது.

நவம்பர் 1, சனி

கொத்தனார் வந்து செங்கல் வைத்து, பூசி அடைத்தார். "இத்தனை நாள் இந்த ஓட்டையோடயா இருந்தீங்க?" என்று கேட்டார். "நீ வேலையைப் பாருப்பா" என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பதினெட்டரை!! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பதினெட்டரையேதான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஏழு மணிக்குச் சொன்னபடி வந்து நின்றான். ஒரு கையில் எனக்காகக் காலிப் பெட்டி. இன்னொரு கையில் — திருட்டுப் பயல் — இன்னொரு வெப்பமானி. பெற்ற தாய் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"தாராளமா மாட்டிப் பாருடா" என்றேன். அது நிலைக்கு வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெளியே புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. என் வெப்பமானி பத்தொன்பது. அவனுடையது பத்தொன்பதரை. அவன் கொண்டுவந்ததே எனக்கு அரை மார்க் கூடப் போடுகிறது!

கட்டிலில் உட்கார்ந்து, "எப்படிம்மா?" என்றான்.

எல்லாம் காட்டினேன். நூல், சாக்குக்கட்டி, பாம்பு, கடைசியில் பூசின சுவர். அதை மறைத்து வைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். ஜெயித்த அன்றைக்குத் தப்பை ஒப்புக்கொண்டால் அவ்வளவாக உறைக்காது. அவன் ஈரம் காயாத பூச்சைக் கையால் தடவிப் பார்த்தான். என் தலையணை இருக்கிற இடத்தைப் பார்த்தான். பிறகு, "நீ வக்கீலாப் போயிருக்கலாம்மா, தோத்தவனே ஜெயிச்சவளைப் பாத்துப் பாவப்படற மாதிரிப் பேசற" என்று சிரித்தான்.

பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனான்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் மருமகள் போன் செய்தாள். "அத்தை, உங்க பிள்ளைக்குக் கேக்க வெக்கமா இருக்காம். எங்க ஹாலு சூடே ஏற மாட்டேங்குது. அந்த நூலைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

போனேன். நான் நூலைப் பிடிக்க, மகன் ஏணியைப் பிடிக்க, பேத்தி சாக்குக்கட்டியால் குறி போட்டாள். என் வீட்டில் பதினாறு என்றால் அந்தப் புது வீட்டில் இருபத்துமூன்று. தச்சர் நம்பரைக் கொடுத்தேன். எங்கே என்ன பட்டை ஒட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொண்டான். நாள் முழுக்க யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

சாயங்காலம் பையை எடுத்தேன். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேம்மா" என்றான்.

"இங்க குளுருதுடா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். பத்தொன்பது. சால்வையை பீரோவிலேயே விட்டுவிட்டேன்.