உயிரோடு இருக்கிறவனுக்குத் திவசம்

காளிகாட், கல்கத்தா
12-11-1909

சிரஞ்சீவி என் மகனுக்கு,

இப்படி உன்னை அழைக்கக் கை கூசுகிறது. நீ ஞானஸ்நானம் பெற்ற திதியில், உயிரோடு இருக்கும் உனக்கு ஏழு வருஷமாகத் திவசம் செய்கிறவன் நான்.

நேற்றும் கங்கைப் படித்துறையில் எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்தேன். "பேரைச் சொல்லுங்கோ" என்றார் வாத்தியார். உன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆவணியில் உன் அம்மா போய்விட்டாள். கடைசியாக அவள் சொன்னது அந்தப் பெயரைத்தான். "ஒரே ஒரு தரம் அவனைக் கூப்பிடுங்கோளேன்" என்று கெஞ்சினாள். "செத்தவனை எப்படியடி கூப்பிடறது?" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. உனக்குத் தந்திகூட அடிக்கவில்லை நான்.

ஞானஸ்நானம் ஆன கையோடு வந்து வாசற்படியில் நின்றாய். "அப்பா, எவ்வளவு பெரிய பாவியானாலும் எங்க ஆண்டவர் தேடிண்டு வந்து மன்னிப்பார்" என்றாய். உள்ளே விடாமல் சிரித்தேன். உன் பாவத்தைச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று எள்ளை ஆற்றில் கொட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் ஆண்டவர் என்னையும் தேடி வருவாரா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீ வா. இந்தத் தடவை வாசற்படியில் நிற்க வைக்க மாட்டேன்.

உனக்கு அப்பாவாக இருந்தவன்