கடலுக்குப் போன கண்ணாடியும் கறுப்புக் களிசானும்

நயினாதீவு,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நிலாந்திக்கு,

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், எங்கள் மறியாடு இன்று காலை கலண்டரில் இந்த மாதத்தை முழுதாகத் தின்றுவிட்டது. உன் இன்டர்வியூத் திகதியும் அதன் வயிற்றுக்குள்தான். வேலை ஆட்டுக்குக் கிடைத்தால் அறிவிப்போம். மற்றும்படி ஆடு உட்பட எல்லோரும் சுகம், கொழும்பில் நீயும் சுகமாயிருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இது அம்மாவின் கடிதம், கை மட்டும் உன் தம்பி கீர்த்திகனுடையது. அவ சொல்லச் சொல்ல எழுதுகிறேன், இடையிடையே வரும் அறிவு என்னுடையது. போனில் சொன்னால் நீ இடையில் அழுவாயாம், கடிதத்தோடு வழக்காட ஏலாதாம்.

அம்மா எழுதாததற்குக் காரணம், அவவின் கண்ணாடி கடலுக்குள். வெள்ளிக்கிழமை உன் சீலைக்குச் சட்டை தைக்கக் கொடுக்க யாழ்ப்பாணம் வெளிக்கிட்டவ, குறிகாட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்தால் இறங்குகிற நேரம் அலை தூக்கியது. ஒரு கையில் பை, மற்றக் கையில் சீலைக் கொய்யகம், பிடிக்க மூன்றாவது கை இல்லை. பின்னால் நின்ற ஒருவர் தோளைப் பிடித்திராவிட்டால் கண்ணாடிக்குத் துணையாக அம்மாவும் போயிருப்பா. கட்டடக் கம்பனிக்காரர் உன்னை வேலைத்தளத்தில் ஏற்றி இறக்கித்தான் பார்ப்பார்கள் என்று நீ சொன்னது அந்த இடத்தில்தான் அவவுக்கு ஏறியது. இன்டர்வியூ என்றால் சீலைதான் என்று ஒற்றைக்காலில் நின்றவ, இரண்டு காலும் தடுமாறிய பிறகு நேரே கடைக்குப் போய், கால் இரண்டும் தனித்தனியே போகிற கறுப்புக் களிசானும் வெள்ளைச் சேட்டும் வாங்கி வந்தா.

இனி அம்மா சொல்கிறபடியே எழுதுகிறேன். பிள்ளை, போனமுறை சிநேகிதியின்ர கோட்டைப் போட்டுக்கொண்டு போய், பதில் சொல்லாமல் கைநுனியை இழுத்து இழுத்து விட்டனான் எண்டு நீதான் சொன்னனீ. இரவல் உடுப்பு இனி வேண்டாம், இது தையலுக்கு அளவாக் கொண்டுபோன உன்ர பழைய சட்டையை வைச்சு அளந்து எடுத்தது. முதல்நாளே போட்டுக் குந்தி எழும்பிப் பார், படி ஏறிப் பார். காலமை சாப்பிடாமல் போகாதை. இதுவும் சரிவராட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாறன் எண்டனீ. திருவிழாவுக்கு வா, எத்தனை நாளும் நில். தோத்துப்போய் வாறதெண்டால் கதவு பூட்டு. படிச்சது நீ, சீலையில்லை. கேக்கிறதுக்கு நிமிர்ந்து இருந்து மறுமொழி சொல்லு. இதைச் சொன்ன பிறகு அம்மா மூக்கைச் சீறினா, தடிமனாம்.

புது உடுப்பை மஞ்சள் வைக்காமல் போடக் கூடாதல்லவா. கண்ணாடி இல்லாதவ அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தா. சேட்டின் உள்மூலையில், கண்ணுக்கே படாமல் ஒரு பொட்டு. குருக்கள்கூட இவ்வளவு அளவாக வைக்கமாட்டார். மடித்ததும் நான், பாசல் கட்டியதும் நான். வேலை கிடைத்தால் அதில் பாதி என்னுடையது.

கடைசியாக அம்மா சொல்வது: அம்மன் உன் பக்கம் நிற்பா, நீ உன் காலில் நில். முடிந்து வெளியே வந்ததும் முதலில் எனக்குப் போன் எடு, சிநேகிதிகளுக்குப் பிறகு எடுக்கலாம்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா சரோஜினிதேவி
(கையெழுத்து அவவே தடவித் தடவி வைத்தது)

பி.கு. அம்மா ஆட்டைக் கட்டப் போய்விட்டா, கெதியாய்ச் சொல்கிறேன். அக்கா, பொட்டு உள்மூலையில் இல்லை. சேட்டின் வலது கைநுனியில் அப்பிவிட்டது. ஒருவருக்கும் தெரியாமல் சவர்க்காரம் போட்டேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது சிவந்த பிறகுதான் தெரிந்தது. வெயிலில் போட்டுப் போட்டு இப்போது ரோஸ் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் மடித்துவிடு, கறை துளியும் தெரியாது, தளத்தில் ஏற ஆயத்தமாக வந்தவள் போலவும் இருக்கும். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஓம் அக்கா, உன் புதுச் சேட்டை முதலில் போட்டது நான்தான்.