அப்பாவோட நாற்பதாம் நாள் நீ இங்கதான் இருந்தே

வெர்போவெ, ஞாயிற்றுக்கிழமை

என் வலேரா ராசாவுக்கு அம்மா எழுதறது. நான் உயிரோட இருக்கேன், முட்டி வலி தவிர வேற குறை இல்ல, நீயும் மருமக இன்னாவும் பிள்ளைங்களும் கீவ்ல சுகமா இருக்கணும்னு தினம் மெழுகுவத்தி ஏத்திக் கும்பிடறேன். போன் போட்டா உன் உதவியாளர்தான் எடுக்கறார், எம்.பி. கூட்டத்துல இருக்கார்னு சொல்றார், எப்பப் பாத்தாலும் என்னடா கூட்டம்? அதான் எழுதி பஸ் டிரைவர் மித்ரோ கையில குடுத்து விடறேன், உன் கையிலயே குடுக்கணும்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். கூட ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரியும் பன்றிக்கொழுப்பும் இருக்கு. பனி உருகித் தெருவெல்லாம் சேறு, கோழி முட்டை போட ஆரம்பிச்சிருச்சு, பின்பக்கக் கூரை ஒழுகுது, அது கிடக்கட்டும்.

தோஸ்யா என் வீட்டுக்கு வர்றதை நிறுத்திட்டா. முப்பது வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கறவ, நீ சூரியகாந்தி விதை மூட்டையை முதுகுல சுமந்து சந்தைக்குப் போன காலத்துல உனக்கு சூப் ஊத்துனவ. அப்புறம் நீ எண்ணெய் செக்கு வெச்சே, அது ஆலையாச்சு, ஆலை மூணாச்சு, உங்க அப்பா சட்டைக் காலரைத் தூக்கி விட்டுட்டு நடந்தார். தேர்தலுக்கு நின்னப்ப உன் படம் போட்ட ஹ்ரேச்கா தானியப் பொட்டலத்தை வீடு வீடாக் கொண்டு போனது யாரு, தோஸ்யாதானே? இவன் தானியத்துக்காக இல்ல, நம்ம பிள்ளைங்கறதுக்காக ஓட்டுப் போடுங்கன்னு கத்திக்கிட்டே போனா. இப்ப அவ மக லெஸ்யாவுக்கு ஈஸ்டர் கழிஞ்சு பிரசவம். நம்ம ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டை மூடறதுக்குச் சட்டம் போட்டுட்டீங்க. இந்தச் சேத்துல, வலி எடுத்தவளை எந்த வண்டியில வெச்சு நகரத்துக்கு அனுப்பறது? நீயே சொல்லு.

போட்டுட்டீங்கன்னு சொன்னேன் பாரு, அங்கதான் என் வயிறு எரியுது. அப்பாவோட நாற்பதாம் நாள், பாதிரியார் வந்து ஜெபம் பண்ணி, தேன் ஊத்துன கோதுமையை எல்லாரும் கரண்டியால எடுத்துச் சாப்பிட்டோம். நீ என் பக்கத்துல உக்காந்திருந்தே, பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல. தோஸ்யா உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, வார்டை மூடப் போறாங்களாமே தம்பின்னு கேட்டா. நான் இருக்கறப்ப யார் அக்கா தொடுவாங்கன்னு நீ சொன்னே. அதே மதியந்தான் அங்க கீவ்ல, பார்லிமெண்ட்ல, அந்தச் சட்டத்துக்கு ஓட்டு நடந்திருக்கு. மறுவாரம் பேப்பர்ல யார் யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு வருது, உன் பேருக்கு நேரா "ஆதரவு". தோஸ்யா பேப்பரை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி, உன் பையனுக்கு எத்தனை கைடீ, இங்க கோதுமை தின்ன கை எப்படி அங்க போய் பொத்தானை அமுக்குச்சுன்னு கேட்டா. எனக்கு அப்புறந்தான் விஷயம் தெரிஞ்சுது. சபையில பொத்தான் அமுக்கறதுக்கான உன் ஓட்டு அட்டையைப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்தியாம், அவர் உனக்கும் சேத்து அமுக்கிட்டாராம். அங்க எல்லாரும் அப்படித்தானாம். தெரிஞ்சு குடுத்தியா தெரியாம குடுத்தியான்னு நான் கேக்கல, கேட்டா தாங்க மாட்டேன்.

நேத்து உன் உதவியாளர் போன் பண்ணினார், அதிசயமா அவரே பண்ணினார். வியாழக்கிழமை கீவ்லேர்ந்து பத்திரிகைக்காரங்க வருவாங்களாம், ஓட்டு நடந்த அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு கேப்பாங்களாம். விடிகாலையிலயே கீவுக்குக் கிளம்பிட்டான்னு நான் சொல்லணுமாம். ஊர்க்காரங்க சொன்னா எதிர்க்கட்சி தூண்டி விட்டதுன்னு சமாளிச்சுடலாம், பெத்தவ சொன்னா சமாளிக்க முடியாது, அந்தச் சட்டமே ரெண்டு மூணு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சது, இப்படி சபையில இல்லாமலே ஓட்டு விழுந்தவங்க நாலு பேர் வெளிய வந்தா மறுபடி ஓட்டெடுக்கணும்னு கூச்சல் போடுவாங்க, கட்சித் தலைவர் சும்மா விட மாட்டார், ஆலைக்கு வரி அதிகாரிங்க வருவாங்கன்னார். பயம் எனக்கும் புரியுதுடா, நீ ரத்தம் சிந்திக் கட்டுன ஆலை. ஆனா நீ என்னை என்ன சொல்லச் சொல்றேன்னு யோசிச்சியா? அப்பன் ஆத்மா வீட்டை விட்டுக் கிளம்பற நாள்ல பையன் வீட்ல இல்லேன்னு, பெத்தவ வாயால சொல்லணுமா? கல்லறைக்கு எந்த முகத்தோட போவேன்? நான் கெஞ்சறேன் வலேரா, மண்டி போட்டுக் கெஞ்சறேன், முட்டி தாங்காது, ஆனாலும் போடறேன். நீயே சொல்லிடு. அது என் ஓட்டு இல்ல, நான் அப்பாவுக்காக ஊர்ல இருந்தேன்னு ஒரே ஒரு வார்த்தை. ஆலை போனா போகட்டும், இங்க வா, என்கிட்ட ஒரு மாடு இருக்கு, ரெண்டு கை இருக்கு.

நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன். இதை மிரட்டல்னு நினைக்காதே. என் பையன் அன்னைக்கு என் பக்கத்துல உக்காந்து அவங்க அப்பாவுக்காகக் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான்னு சொல்லுவேன். எம்.பி. ஆனதுக்கப்புறம் நீ செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான்டா, அதைப் போய் இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

கடவுள் உன்னையும் பிள்ளைங்களையும் காப்பாத்தட்டும், மாதா உன் தலை மேல கை வெக்கட்டும். பாட்டிலை மித்ரோகிட்ட திருப்பிக் குடுத்து விடு. பத்திரிகைக்காரங்க வியாழன் காலையில வர்றாங்க, புதன் ராத்திரி முழுக்க நான் போன் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்.

உன்னைப் பெத்தவ,
லித்யா