என் கண்ணுக்கு எதிராக ஓர் ஊக்கு

அன்பு மகள் ஃபுல்யாவுக்கு,

அங்காராவிலிருந்து அப்பா எழுதுவது. என் முழங்காலையும் உன் அம்மாவின் கோபத்தையும் தவிர இங்கே எல்லாம் சுகம்தான், அங்கே ஒஸ்லோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அல்லா துணை. உன் செய்தி கிடைத்தது. நம்ம போர் விமானத்தை டிவியில பாத்தேன்ப்பா, தைலான் அண்ணன் எவ்வளவு அழகா விளக்கினாரு, என் வாழ்த்த அவருகிட்ட சொல்லிடுங்க என்று எழுதியிருக்கிறாய். சொல்லவில்லை. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நானும் விமானம்தான் செய்கிறேன், ஒரு தடவையாவது அப்பா அழகா விளக்கினீங்க என்று யாராவது எனக்கு எழுதியிருக்கிறீர்களா? போனில் இதைக் கேட்டால் உன் அம்மா குறுக்கே விழுவாள் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அம்மாவும் அந்தக் கட்சிதான். நம் மேல் மாடியில் குடியிருந்த பையன் என்று பரிதாபப்பட்டுத் தைலானை எங்கள் கம்பெனிக்குள் கொண்டுபோய் விட்டதே நான், அவன் வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்ததும் எனக்குச் சமமாகத் தனிக்குழு கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் உன் அம்மா தங்க விளிம்பு போட்ட கிளாஸில் டீ ஊற்றுகிறாள், எனக்குச் சமையலறை கிளாஸ். என்னப்பா எலும்பும் தோலுமா இருக்கே, இன்னொரு துண்டு பொரெக் சாப்பிடு என்று அவன் தட்டை நிரப்புகிறாள், எனக்கோ கொழுப்பு ஏறிப்போச்சு போதும் என்று தட்டைத் தள்ளி வைக்கிறாள். கேட்டால், உங்களுக்கு அந்தப் பையன் மேல பொறாமை, ஒத்துக்குங்களேன் என்கிறாள். ஒத்துக்கொள்கிறேன் மகளே, பொறாமைதான், அவன் காரை நிறுத்தும் சத்தம் கேட்டாலே வயிறு எரிகிறது. உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

விஷயம் இதுதான். ரேடாரில் தெரியாத விமானம் செய்வதில் பெரிய தலைவலி, எஞ்சினுக்குக் காற்று இழுக்கிறதே அந்த வாய். ரேடார் அலை அதற்குள் போய் மோதித் திரும்பினால் விமானம் மாட்டிக்கொள்ளும். அந்த வாயை எப்படி வளைப்பது, அலையை விழுங்குவதற்கு உள்ளே எப்படி மெத்தை போடுவது என்று என் குழு ஒன்று செய்தது, தைலான் குழு ஒன்று செய்தது. எது தேறுகிறதோ அதுதான் பறக்கப்போகும் முதல் முன்மாதிரியில் ஏறும். எனக்கு ஓய்வு பெறும் வயது, இனி இன்னொரு விமானம் எனக்கு வராது. இதற்கு மேல் அளவு வடிவம் எதையும் எழுதக்கூடாது, நீயும் யாரிடமும் வாயைத் திறக்காதே, மாப்பிள்ளையிடமும்தான்.

சோதனை கொன்யா பக்கத்துச் சமவெளியில். நிஜ அளவு மாதிரியைக் கம்பத்தின் மேல் தூக்கி வைத்துத் தூரத்திலிருந்து ரேடாரால் பார்ப்போம். முதலில் என்னுடையதை ஏற்றினார்கள், மோசமில்லை, திரையில் மங்கலாக ஒரு திட்டு, அவ்வளவுதான். மறுநாள் தைலானுடையது. வாயின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி! திருப்பிப் பார்த்தாலும் அதே புள்ளி. தைலான் முகம் சுண்டிப்போய்விட்டது. எங்கள் தலைவர் முஃபித் பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, உன் மெத்தை தேறலப்பா, நெவ்ஸாத்தோடதையே எழுதி மேல அனுப்பிடறேன் என்றார். எனக்கு நெஞ்சுக்குள் கல்யாண மேளம் அடித்தது. வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில், தோற்ற வாயைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாமே என்று தூக்கி வண்டியில் ஏறிப் போனேன். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. விரலை உள்ளே விட்டுத் தடவினால் மெத்தையின் மடிப்புக்குள் ஏதோ குத்தியது. இழுத்தேன், ஊக்கு. ஊக்கின் நுனியில் திருஷ்டிக்குக் குத்துகிற நீலக் கண்ணாடி மணி, நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் சட்டையில் இருந்ததே, அதே மாதிரி. கீழே தைலான் குழுவின் பூச்சு வேலைக்காரர் ஜாஃபர் உஸ்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகமே சொல்லிவிட்டது. இறங்கி வந்து, யார் கண்ணு படும்னு இத மாட்டினே என்று கேட்டேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். கோவிச்சுக்காதீங்க நெவ்ஸாத் பே, நீங்க அதப் பாக்குற பார்வையே சரியில்லன்னு பட்டறையில எல்லாருமே பேசிக்கிறாங்க, இத்தனூண்டு ஊக்குதானே, காலையில யாருக்கும் தெரியாம குத்திட்டேன், ரேடாருக்கு என்ன தெரியப்போகுதுன்னு நெனச்சுட்டேன் என்றார். ஒரு குருவி அளவுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற விமானத்தில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஊக்கு!

ஊக்கைக் கைக்குள் மூடிக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். எல்லாரும் பருப்பு சூப் குடித்துக்கொண்டிருக்க, தைலான் மட்டும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டபடி இருந்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை போய்விடுமென்று ஜாஃபரும் திறக்க மாட்டார், என் வாய் பறக்கும். நினைத்துப் பார்த்தேன் மகளே, நன்றாகவே நினைத்துப் பார்த்தேன். ஆனால் பட்டறை என்ன சொல்லும்? நெவ்ஸாத் கண்ணு பட்டுத்தான் அந்தப் பையனோடது போச்சு, மணி மாட்டியும் நிக்கலன்னு சொல்லும். என் கடைசி விமானம் மேலே போகும்போதெல்லாம் கீழே நின்று அதைத்தான் பேசுவார்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. முஃபித் பேயின் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊக்கைப் போட்டு, கோளாறு என் கண்ணுல இல்ல, இவங்க ஊக்குல இருக்கு, மறுபடி அளந்து பாருங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி அளந்தார்கள். புள்ளி இல்லை. புள்ளி மட்டுமா, திரையில் எதுவுமே இல்லை, கம்பத்தின் மேல் ஒன்றுமே ஏற்றவில்லையோ என்று இருந்தது. என்னுடைய திட்டு அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. எப்படிச் செய்தான் என்று எனக்குப் புரிந்தது, எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் புரியவில்லை. தைலான் ஓடிவந்து என் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, நீங்க இல்லன்னா நான் இன்னிக்குப் போயிருப்பேன் மாமா என்று அழுதான். சரி சரி விடு என்று கையை உருவிக்கொண்டேன். இப்போது எல்லாரும் எனக்குப் பெரிய மனசு என்கிறார்கள், கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் அம்மா சந்தோஷத்தில் கறி வைத்து மன்த்தி கொழுக்கட்டை செய்தாள். யாருக்கு என்று நினைத்தாய், அவனையும் கூப்பிட்டுத்தான்.

தைலானுடைய வாயோடு விமானம் வசந்தத்தில் முதல் தடவையாகப் பறக்கப்போகிறது. குடும்பத்தாரும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஃபுல்யா வருவாளா மாமா, அவளுக்கு என் பேர்ல ஒரு பாஸ் எடுத்து வைக்கவா என்று தைலான் கேட்டான். உன்னைக் கேட்காமலே, அவளுக்கு லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். பொய்தான். நான் என் பேரில் உனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா. அது மேலே எழும்பும்போது எல்லாரும் தைலானைக் கட்டிக்கொள்வார்கள், உன் அம்மாதான் முதலில் ஓடுவாள். நீயும் போய்க் கட்டிக்கொள், அவன் செய்தது அப்படிப்பட்ட வேலைதான், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதுவரை என் பக்கத்தில் நில் மகளே, அது ஓடுபாதையில் ஓடத் தொடங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள அங்கே எனக்கு வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அம்மா பார்சலில் தர்ஹானா சூப் மாவு அனுப்பியிருக்கிறாள், ஈரம் படாத இடத்தில் வை. காதை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. அல்லா உன் கையையும் காலையும் காத்து, உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் வைக்கட்டும். உன் கண்ணில் முத்தமிடுகிறேன்.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அப்பா,
நெவ்ஸாத்